வறிய அரங்கும் சிலுவையின் வறுமையும்

நாடகக் கலைக்கு இன்றியமையாதது எது? திரைச்சீலை இல்லாமலும் நாடகம் நிகழும். ஒப்பனை, ஒளியமைப்பு, பின்னணி இசை, உயர்ந்த மேடை ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கினாலும் நிகழும். ஆனால் நடிப்பவர் ஒருவரும் காண்பவர் ஒருவரும் இல்லையேல் நாடகம் இல்லை. போலந்து நாட்டு இயக்குநர் ஜெர்சி குரோட்டோவ்ஸ்கி (1933–1999) இம்முடிவையே தம் கலைக்கு அடிப்படையாக்கினார். 1959-இல் ஒப்போலே நகரில் ‘பதின்மூன்று வரிசை அரங்கின்’ பொறுப்பை ஏற்ற அவர், 1965-இல் தம் குழுவுடன் வ்ரோட்ஸ்வாவ் நகருக்குப் பெயர்ந்தார். திரைப்படத்தோடும் தொலைக்காட்சியோடும் பகட்டில் போட்டியிட நாடகத்தால் இயலாது. எனவே அது தன் வறுமையை மனமுவந்து ஏற்கட்டும் என்றார். 1968-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே ‘வறிய அரங்கை நோக்கி’ என்பதாகும்.

அந்நூலைப் புரட்டும் கிறிஸ்தவ வாசகர் சற்று வியப்படைவார். வறுமை, தற்கையளிப்பு, தூய நடிகன் என்று நம் ஞான நூல்களின் சொற்களே அதில் நிறைந்துள்ளன. நடிப்புப் பயிற்சி என்பது திறமைகளைச் சேர்ப்பதன்று, உள்ளத்திலும் உடலிலும் உள்ள தடைகளைக் களைவதே என்று கூறும் அவர், அதற்கு ‘மறுப்பு வழி’ என்று பெயரிடுகிறார். இறைவன் இன்னார் என்று கூற இயலாத நிலையில், அவர் எவையெல்லாம் அல்லர் என்று கூறி அவரை அணுகும் இறையியல் நெறிக்குரிய பெயர் அது. புனித தோமா அக்குவினாரும் அந்நெறியை அறிந்தவர். ஆயினும், தாம் நம்பிக்கையாளராகப் பேசவில்லை என்பதையும், தாம் கருதுவது சமயம் சாராத தூய்மையே என்பதையும் குரோட்டோவ்ஸ்கி மறைக்கவில்லை.

அவருடைய படைப்புகளுள் மூன்றினை மட்டும் இங்கு நோக்குவோம். முதலாவது, 1962-இல் அரங்கேறிய ‘அக்ரோபோலிஸ்’. விஸ்பியான்ஸ்கி எழுதிய மூல நாடகத்தில், உயிர்ப்புப் பெருவிழா இரவில், கிராக்கோவ் நகரின் வாவெல் பேராலயத்துச் சிலைகளும் திரைச்சீலை உருவங்களும் உயிர்பெற்று எழுகின்றன. குரோட்டோவ்ஸ்கி அப்பேராலயத்தை ஆஷ்விட்ஸ் வதைமுகாமாக மாற்றினார். காட்சியமைப்பில் துணைநின்ற யூசெப் ஷைனா அம்முகாமில் கைதியாக இருந்தவர். சாக்குத் துணி உடுத்திய கைதிகள் இறுதியில் தலையற்ற பொம்மை ஒன்றை மீட்பராகக் கருதிச் சுமந்து, பாடிக்கொண்டே ஒரு பெட்டிக்குள் இறங்குகின்றனர்; மூடி விழுகிறது. இதனை இறைநிந்தை என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. உயிர்ப்பை எளிதாகப் பேசிவிடுவோருக்குப் பெரிய சனிக்கிழமையின் மௌனத்தை இது நினைவூட்டுகிறது.

இரண்டாவது, 1965-இல் மேடையேறிய ‘உறுதிமிக்க இளவரசன்’. பின்னாளில் குருவாக அருள்பொழிவு பெற்ற ஸ்பானியக் கவிஞர் கால்டெரோனின் நாடகம் இது. தன் விடுதலைக்காகக் கிறிஸ்தவ நகரொன்றை விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறையில் மடியும் இளவரசனாக ரிஷார்ட் சீஸ்லாக் நடித்தார். உயர்ந்த மரவேலிக்குப் பின்னால் அமர்ந்த மக்கள், கீழே நிகழும் வதையை எட்டிப் பார்த்தனர். துன்புறுவோரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவரும் குற்றவாளிதானோ என்னும் கேள்வியை அந்த வேலியே எழுப்பியது. அந்நடிகர் தம் நடிப்பைத் துன்ப நினைவு எதிலிருந்தும் உருவாக்கவில்லை, இளமையில் அரும்பிய ஓர் அன்பின் நினைவிலிருந்தே உருவாக்கினார் என்று குரோட்டோவ்ஸ்கி பின்னர் வெளிப்படுத்தினார். மறைசாட்சியத்தின் வேர் வேதனையன்று, அன்பே என்று திருச்சபை கற்பிப்பதற்கு இது எத்துணை அணுக்கமானது!

மூன்றாவது நாடகம் 1969-இல் அரங்கேறிய ‘அப்போகலிப்சிஸ் கும் ஃபிகுரிஸ்’. மீண்டும் வந்த கிறிஸ்துவோ என ஐயுறத்தக்க பேதை ஒருவனைச் சிலர் எள்ளி வதைக்கின்றனர். சீமோன் பேதுரு என்னும் பாத்திரமே இறுதியில் அவனைத் துரத்திவிடுகிறது. கர்தினால் விஷின்ஸ்கி 1976-இல் இந்நாடகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். பொதுவுடைமை அரசின் நெருக்கடியில் தம் மந்தையின் நம்பிக்கையைக் காத்துநின்ற அந்த ஆயரின் வேதனையை நாம் மதிக்கிறோம். ஆயினும், கிறிஸ்து இன்று நம் வாயிலுக்கு வந்தால் உள்ளே விடுவோமா என்னும் கேள்வியை நாடகம் கேட்பதாலேயே அது திருச்சபைக்குப் பகையாகிவிடாது.

நம் கருத்து வேறுபாடு பிறிதோர் இடத்தில் தொடங்குகிறது. இந்த வறிய அரங்கில் ஏழைகள் எங்கே? ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அனுமதிக்கப்பட்டோர் மிகச் சிலரே; தம் அரங்கு எல்லாருக்கும் உரியதன்று என்று இயக்குநரே கூறினார். 1970-க்குப் பின் அவர் புதிய நாடகம் எதையும் மேடையேற்றவில்லை. 1986 முதல் இத்தாலியின் பொன்தெதேராவில் அவர் மேற்கொண்ட பணி, அதில் ஈடுபடுவோரின் அகமாற்றத்தையே நோக்கமாகக் கொண்டது. காண்பவர் அதற்குத் தேவைப்படவில்லை. நடிப்பவரும் காண்பவரும் தவிர மற்ற யாவும் நீக்கத்தக்கவை என்று தொடங்கியவர், இறுதியில் காண்பவரையும் நீக்கிவிட்டார். யாருக்காக என்னும் கேள்விக்கு விடையற்ற தற்கையளிப்பு மெல்லத் தன்னிடமே திரும்பிவிடும் என்பதற்கு இதுவே சான்று. சிலுவையிலும் யாவும் களையப்பட்டன: ஆடை, நண்பர் கூட்டம், நற்பெயர். ஆனால் அயலார் களையப்படவில்லை. தாயும், அன்புச் சீடரும், அருகில் தொங்கிய கள்வனும் இறுதிவரை ஆண்டவரின் கண்முன் இருந்தனர்.

இவ்வளவும் கூறியபின் நம்மையும் நாம் சோதித்தறிதல் வேண்டும். நம் பங்குகளில் தவக்காலந்தோறும் நடைபெறும் பாஸ்கா நாடகங்களில் வாடகை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. பாடுகளின் ஆழம் பெருகுகிறதா? எதை இன்னும் சேர்க்கலாம் என்று கேட்கும் நம் குழுவினர், எதை நீக்கலாம் என்று ஒருமுறையேனும் கேட்கட்டும். அதைக் குரோட்டோவ்ஸ்கியிடம் தயங்காமல் கற்கலாம். ஆனால் எதை நீக்கினாலும், பிள்ளையை மடியில் கிடத்தி, பாய் விரித்து, விடியும்வரை கண்ணீரோடு பார்த்திருக்கும் அந்த மூதாட்டியை நீக்கிவிடாதிருப்போம்.