முதல் மேக்புக் ஏர்: ஓரத்திலிருந்து பாருங்கள்

2008 ஜனவரியில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து ஸ்டீவ் ஜாப்ஸ் உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏர் எங்காவது கையில் கிடைத்தால், உடனே திறந்துவிடாதீர்கள். மூடியபடியே மேசையில் வைத்து, குனிந்து, மேசை மட்டத்திலிருந்து பக்கவாட்டில் பாருங்கள்.

கீல் இருக்கும் பின்பக்கம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். முன்நுனி 4 மில்லிமீட்டர்தான். அடிப்பாகம் ஓரங்களை நோக்கி வளைந்து மேலேறுவதால், தடிமனான நடுப்பகுதி நிழலுக்குள் போய்விடுகிறது. மெல்லிய விளிம்பு மட்டுமே கண்ணில் படும். அன்றைக்கு உலகம் வியந்த மெலிவில் பெரும்பங்கு இந்த வளைவின் வேலை.

இப்படிச் சரியும் விளிம்பில் போர்ட்டுகளை எங்கே வைப்பது? வலப்பக்கத்தை விரலால் தடவுங்கள், ஒரு சின்னக் கதவு தட்டுப்படும். கீழே இழுத்தால் போர்ட்டுகளும் அதோடு சேர்ந்து இறங்கி வரும்: ஹெட்போனுக்கு ஒன்று, வெளித்திரைக்கு மைக்ரோ டிவிஐ, நடுவே ஒரே ஒரு யுஎஸ்பி. மூடிவிட்டால் வளைவு மறுபடி முழுசாகிவிடும். இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். இந்த லேப்டாப்பில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுதான். வளைவையும் விட்டுக்கொடுக்காமல் போர்ட்டையும் கைவிடாமல் யாரோ பிடிவாதமாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அதனால் வந்த சிரமத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பருமனான யுஎஸ்பி மோடம் அந்தக் குழிக்குள் நுழையாது. இடையில் ஒரு ஒயர் வேண்டும். உள்ளே சிடி டிரைவ் கிடையாது, ஈதர்நெட் போர்ட்டும் கிடையாது. இவற்றில் எதை வெளியிலிருந்து மாட்டினாலும் அந்த ஒரே யுஎஸ்பிதான் கதி.

இடப்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் சார்ஜர். அதுவரை மேக்புக்குகளில் பிளக் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏருக்கென்று அதை அலுமினியத்தில் ஒடுக்கமாக அமைத்து, ஒயர் உடலை ஒட்டியே ஓடும்படி செய்தார்கள். சார்ஜர் இல்லாமல் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

பிறகு திறந்து, கீலில் விரிசல் இருக்கிறதா, கதவு தொளதொளவென்று ஆடுகிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் 2010 மாடலையும் பக்கத்தில் வையுங்கள். அதில் கதவு இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இருபுறமும் யுஎஸ்பி வெளிப்படையாக இருக்கும். அன்றாட வேலைக்கு அதுவே மேல். ஓரத்தின் அழகில் 2008தான் எனக்கு ஒரு படி உயர்வு.