குச்சியை உரசாத சிறுமி

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் தீக்குச்சிச் சிறுமிக்கு அம்மா உண்டா, இல்லையா? எத்தனை முறை படித்தாலும் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. வருடக் கடைசி இரவு, கொட்டும் பனி. வெறுங்காலோடு ஒரு சிறுமி தீக்குச்சி விற்கிறாள். விற்காமல் திரும்பினால் அப்பா அடிப்பார். அவள்மேல் அன்பாக இருந்த ஒரே ஆளான பாட்டியும் இறந்துவிட்டாள். அம்மா வருவது ஒரே ஓரிடத்தில்தான். சிறுமி போட்டுக்கொண்டு கிளம்பிய, காலில் நிற்காத பெரிய செருப்பு அம்மாவுடையது. தெருவைக் கடக்கும்போது அதில் ஒன்று தொலைந்துபோகிறது. இன்னொன்றை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அத்தோடு அம்மாவும் கதையைவிட்டுப் போய்விடுகிறாள்.

கதை வெளிவந்தது 1845இல். பதிப்பாளர் ஒருவர் மூன்று படங்களை அனுப்பி ஏதாவது ஒன்றுக்குக் கதை கேட்க, ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது லுண்ட்பி என்ற ஓவியர் வரைந்த, தீக்குச்சிக் கட்டோடு இருக்கும் ஏழைச் சிறுமியின் படத்தை. ஆண்டர்சனின் அம்மா சிறுவயதில் பிச்சையெடுக்க அனுப்பப்பட்டவர். கேட்க வாய் வராமல் பாலத்தடியில் உட்கார்ந்து அழுதவர். இதை ஆண்டர்சனே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தச் சிறுமிதான் அம்மா. மகன் அம்மாவைச் சிறுமியாக்கி, பனியில் உட்காரவைத்து, உதட்டில் ஒரு புன்னகையோடு சாகவிடுகிறார். அந்தப் புன்னகையை என்னால் ஒருபோதும் மன்னிக்க முடிந்ததில்லை.

இந்தக் கதையை விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி வகுப்பில் சொல்லிப் பாருங்கள், வேறொரு குறை கண்ணில்படும். தீக்குச்சியை விற்கிற கை தெரிகிறது, வாங்காமல் போகிற கைகள் தெரிகின்றன, செய்த கை மட்டும் எங்கேயும் இல்லை. கோபன்ஹேகன் வாசகருக்கு அது உறைக்காமல் இருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்கு விடியலில் எழுந்த அம்மாக்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதுதான் முதல் கேள்வி.

இந்தக் கதையைத் திருத்தி எழுதியவர்கள் பலர். டெர்ரி பிராட்செட்டின் ‘ஹாக்ஃபாதர்’ (1996) நாவலில், பரிசுகள் தரும் தாத்தாவின் வேடத்தில் வரும் மரணமே சிறுமியைச் சாகவிட மறுக்கிறது. அவள் சாவது மற்றவர்கள் தங்களிடம் இருப்பதை நினைத்துத் திருப்திப்படுவதற்காக என்று உதவியாள் சொல்லும்போது மரணத்துக்கு வருகிற கோபம் நியாயமானது. பண்டிகைக் காலத்தில் இந்தக் கதை எதற்காகப் படிக்கப்படுகிறது என்பதை அந்த இடம் பிட்டுவைக்கிறது. ஆனாலும் காப்பாற்றுவது ஒரு தாத்தாதான். கிரெகரி மெகுவைர் ‘மேட்ச்லெஸ்’ (2009) என்று எழுதினார். அதில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனுக்குப் பெயர் கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது, அக்கறையுள்ள அம்மா கிடைக்கிறாள். சிறுமிக்குப் பழைய முடிவேதான். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது எம்மா கேரலின் ‘தி லிட்டில் மேட்ச் கேர்ள் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ (2022) பற்றி. பத்து வயதைத் தொட்டவர்கள் முதல் கல்லூரிப் பெண்கள்வரை படிக்கலாம். லாரன் சைல்டின் படங்களோடு வந்திருக்கிறது. விக்டோரியா காலத்து லண்டனில் பிரிடி ஸ்வீனி என்ற சிறுமி தீக்குச்சி விற்கிறாள். முந்தைய கதையில் அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்பது இவளுக்குத் தெரியும், அப்படிச் சாக இவளுக்கு விருப்பமில்லை. கையில் மிஞ்சும் மூன்று குச்சிகளில் மாயம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப்படுவது மாயமல்ல, அம்மா. பிரிடியின் அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விற்கிற மகளையும் செய்கிற அம்மாவையும் ஒரே வீட்டில் வைத்த அந்த ஒரு முடிவால், செருப்பாக மட்டும் இருந்தவளுக்கு உடம்பு வந்துவிடுகிறது. அந்த உடம்புக்கு நோய் வரும், கூலி வெட்டப்படும், கோபமும் வரும்.

பின்னணி உண்மையானது. லண்டன் ப்ரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் 1888 ஜூலையில் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தினார்கள். அபராதம், அற்பக் கூலி, தாடையெலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்து கிளப்பிய கோபம் அது. அதற்குச் சில நாள் முன்பு இவற்றை அம்பலப்படுத்திக் கட்டுரை எழுதியவர் அன்னி பெசன்ட். ஆமாம், நம் அடையாறு பெசன்ட்தான். ஹோம் ரூல், தியசாபிகல் சொசைட்டி என்று அவரைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதும் மாணவிகளுக்கு இந்தத் தீப்பெட்டிப் பெண்களைப் பற்றி ஒரு வரி தெரியாது.

அங்கேயே ஒரு பிரச்சினையும் இருக்கிறது. போராட்டத்தை நடத்தியவர் பெசன்ட் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். லூயிஸ் ரா என்ற வரலாற்றாசிரியர், தொடங்கியதும் நடத்தியதும் அந்தப் பெண்களேதான் என்று பின்னால் விரிவாக நிறுவினார். கேரல் பெண்களின் பக்கம் நிற்கிறார், சந்தேகமில்லை. ஆனால் இளையோர் மாயக்கதைக்கு ஒரு நாயகி வேண்டும், அவளிடம் மட்டும் ஒரு சக்தி வேண்டும். 1,400 பேர் ஒருவரையொருவர் நம்பிச் செய்ததன் முன்னால் ஒரு சிறுமியின் மாயக் குச்சி வந்து நிற்கும்போது, தலைமைக்கு ஆள் மாறியிருக்கிறதே தவிர அந்த இடம் காலியாகவில்லை.

இனி எங்கள் ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியா 1913லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்ததால் அந்தத் தாடை நோய் இங்கே வரவில்லை. குழந்தைகள் வந்தார்கள். கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வந்தவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். தம்பி பள்ளிக்கூடம் போனான். சலம் பென்னூர்க்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும், பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ படமும் இந்தப் பிள்ளைகளைப் பற்றியவைதான். ஆண்டர்சன் கதைக்குத் தமிழில் மறுகூறல் தேடுகிறவர்கள் இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.

நீதிமன்றமும் முடிவை ஒருமுறை மாற்றி எழுதியது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தைக்குப் பதில் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு வழிசெய்ய வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது பெரிய மாற்றம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தீப்பெட்டி ஆபீஸுக்குள் இன்றைக்கு எட்டிப்பார்த்தால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி இன்னும் எண்ணிக்கைக் கணக்கில்தான். அவர்களில் எத்தனை பேர் அந்தப் படங்களின் சிறுமி வயதில் இதே வேலைக்கு வந்தவர்கள்! சாகவில்லை, வளர்ந்தார்கள். அதை யாரும் மாயக்கதையாக எழுதவில்லை.

இளங்கலை மாணவிகளிடம் ஆண்டர்சனின் முடிவை மாற்றி எழுதச் சொல்லியிருந்தேன். பலர் ஒரு பணக்கார அத்தையை வரவழைத்தார்கள், இருவர் கலெக்டரம்மாவை. ஒரு மாணவியின் சிறுமி மட்டும் குச்சியை உரசவே இல்லை. மருந்து காயும் இடத்தில் உரசக்கூடாது என்று கேட்டே வளர்ந்த வீடு அவளுடையது. அவள் கதையில் சிறுமி கட்டை அவிழ்த்து எண்ணுகிறாள், குறைகிறது. கட்டியது யார் என்று தேடிப் போகிறாள். ஒரு திண்ணையில் இவள் வயதுப் பெண் தூங்கி விழுந்துகொண்டே கட்டிக்கொண்டிருக்கிறாள். ‘நீதானா?’ ‘ஆமா. நீதான் விக்கிறவளா?’ இருவருமாக மிச்சத்தைக் கட்டி முடிக்கிறார்கள். கதை முக்கால் பக்கம்கூட வரவில்லை.

கேரலின் நாவலைத் தமிழில் கொண்டுவர அந்த மாணவிக்கு ஆசை. தலைப்பிலேயே சிக்கிக்கொண்டாள். ஆங்கிலத்தில் குச்சியை உரசுவதும் ஸ்ட்ரைக், திருப்பி அடிப்பதும் ஸ்ட்ரைக், வேலைநிறுத்தமும் ஸ்ட்ரைக். சிவகாசிப் பக்கம் அந்தச் சொல்லுக்குக் கடைசிப் பொருள் மட்டும்தான். ‘ஸ்ட்ரைக் பண்ண தீக்குச்சிப் பொண்ணு’ என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினாள். உரசல் போய்விட்டதே என்றேன். ‘போகட்டும் மேடம், எங்கம்மாவுக்குப் புரியும்’ என்றாள்.