காலடிச் சரிவும் பந்தடிச் சரிவும்: மலை மேல் கோல்ஃப் மைதானத்தை ரசிக்கும் முறை

தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டிக்கு வடக்கே எழுந்து நிற்கும் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. மோட்டார் வண்டிகள் ஏறும் மலைச்சாலை இல்லாத அக்காலத்தில், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும் குதிரையிலும் டோலியிலும் மலையேறியவர்கள் உருவாக்கிய மைதானம் அது. இன்றோ தேனி வட்டாரத்து மக்கள் பெரியகுளம், தேவதானப்பட்டி வழியாகச் சில மணி நேரத்தில் மேலே சென்று, ஏரியில் படகு விட்டு, தூண் பாறையைப் பார்க்கும் அவசரத்தில் அந்த மைதானத்தைக் கடந்துபோகிறார்கள். புல்வெளியில் காட்டெருமை மேய்ந்தால் மட்டும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். தமிழகத்தின் மிகச் சிறந்த விளையாட்டு நிலங்களுள் ஒன்று, காட்டெருமைக்குப் பின்னணித் திரையாக மட்டும் பார்க்கப்படுவது பொறுக்கத்தக்கதன்று.

பணக்காரர் ஆட்டம் என்ற ஒற்றைத் தீர்ப்போடு கோல்ஃபை ஒதுக்கிவிடுபவர்கள், அந்தத் தீர்ப்பு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சேர்த்த ஓய்வூதிய நிதியைக் கொண்டு, 1990களில் தொடங்கி மாநிலம் முழுவதும் 11 இடங்களில் மைதானங்கள் அமைக்கப்பட்டன. ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளரின் பெயரைத் தாங்கிய அம்மைதானங்களில் கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம். தமிழகத்தில் அத்தகைய பொது மைதானங்கள் உருவாகாதது ஆட்டத்தின் குற்றமன்று. இங்கு உள்ளவை பெரும்பாலும் கிளப்புகளே என்றாலும், மலைவாசத்தலங்களின் கிளப்புகள் உறுப்பினரல்லாத வருகையாளர்களுக்கும் அன்றைய கட்டணத்தின் பேரில் இடம் தருவதுண்டு என்பதால், புறப்படுமுன் விசாரித்துக்கொண்டால் போதும்.

அடிப்படைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் சமதளமான மேடை ‘டீ’, நடுவில் சீராக வெட்டப்பட்ட புல்பாதை ‘ஃபேர்வே’, குழியைச் சுற்றி மிக நெருக்கமாக வெட்டப்பட்ட புல்தரை ‘கிரீன்’, இடையில் பொறியாக வைக்கப்பட்ட மணற்பள்ளம் ‘பங்கர்’ எனப்படும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எத்தனை அடி எடுப்பார் என்ற கணக்கு ‘பார்’. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஆட்டக்காரர் கொண்டுசெல்லும் மட்டைகள் 14ஐத் தாண்டக் கூடாது. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். மற்றவை பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

ரசனை தொடங்குவது வேறோர் இடத்தில். ஒரு மைதானத்தில் சரிவுகள் இருவகை: ஆட்டக்காரர் நின்று அடிக்கும் இடத்தின் சரிவு ஒன்று, பந்து சென்று விழும் இடத்தின் சரிவு மற்றொன்று. முன்னதைக் காலடிச் சரிவு என்றும் பின்னதைப் பந்தடிச் சரிவு என்றும் இங்கே வழங்கலாம். தொலைக்காட்சி காட்டுவது பெரும்பாலும் பந்தடிச் சரிவை மட்டுமே. உயரத்தில் நிறுத்திய கேமரா, ஆட்டக்காரரின் காலடியில் உள்ள மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. இதனால் பல்லாண்டு ஆட்டம் பார்த்தவர்களுக்கும் அதன் பாதி தெரியாமலேயே போகிறது.

காலடிச் சரிவு நான்கு நிலைகளில் வேலை செய்கிறது. வலக்கைப் பழக்கமுள்ள ஒருவரின் பாதங்களைவிடப் பந்து உயரத்தில் இருந்தால், மட்டையின் முகம் இடப்புறம் சாய்வதால் பந்து இடப்பக்கம் வளைந்து செல்லும். பாதங்களைவிடத் தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் விலகும். இடக்கை ஆட்டக்காரருக்கு இவை தலைகீழாகும். ஏற்றத்தை நோக்கி அடித்தால் பந்து உயரமாக எழுந்து குறுகிய தொலைவில் இறங்கும். இறக்கத்தை நோக்கி அடித்தால் தாழப் பறந்து, தரையைத் தொட்டபின் வெகுதூரம் உருளும். சமவெளி மைதானத்தில் இந்நிலைகள் எப்போதாவது, தனித்தனியே வரும். கொடைக்கானல் போன்ற மலை மைதானத்திலோ பந்து காலுக்கு மேலும், நிலம் இறக்கமாகவும், இரண்டும் ஒரே அடியில் சேர்ந்து வரும். அப்போது ஆட்டக்காரர் மட்டையைச் சற்றுக் குட்டையாகப் பிடித்து, தோள்களை நிலத்தின் சாய்வுக்கு இணங்கச் சாய்த்து, இலக்குக்கு வலப்புறம் குறிவைத்து நிற்பதைக் காணலாம். அந்தச் சில நொடி ஆயத்தத்தில் அவருடைய தேர்ச்சி முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

இவ்விரு சரிவுகளும் வெவ்வேறானவை என்று அறிவது முதற்படி. ஒன்று மற்றொன்றாக மாறுவதை அறிவது அடுத்த படி. பந்து இறங்கித் தங்கும் சரிவே அடுத்த அடிக்கு ஆட்டக்காரர் நிற்கும் சரிவாகிறது. ஆகவே தேர்ந்தவர் எவ்வளவு தூரம் அடிக்கலாம் என்று எண்ணுவதில்லை. அடுத்த அடிக்கு எங்கே சமமாக நிற்கலாம் என்று எண்ணி, தேவையானால் 30 கஜம் குறைத்தே அடிப்பார். தூர அடிக்குக் கைதட்டி, குறைத்து அடித்ததைக் கோழைத்தனம் என்று கருதுவது மேலோட்டமான பார்வை. குழியிலிருந்து டீ வரை மனத்தில் பின்னோக்கி நடந்து பார்ப்பவருக்கே ஒரு மைதானம் விளங்கும்.

மலைக்காற்றும் இதில் பங்கு கொள்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், பந்தைத் தடுக்கும் விசை குறைந்து அது கூடுதல் தொலைவு பறக்கிறது. ஆனால் மூடுபனியிலும் மழையிலும் நனைந்த புல் உருளலைக் குறைத்துவிடுகிறது. பறப்பதில் கிடைத்த லாபத்தைத் தரை திருப்பி வாங்கிக்கொள்ளும் இந்தக் கணக்கை, சமவெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒவ்வொரு அடியிலும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

மைதானங்களை அவற்றின் நீளத்தாலும் புல்லின் பச்சையாலும் தரம் பிரிக்கும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. புளோரிடாவின் சாகிராஸ் மைதானத்தில் பீட் டை வடிவமைத்த 17ஆவது குழியின் கிரீன் ஏறக்குறைய முழுவதும் நீரால் சூழப்பட்டது. அது உலகப் புகழ் பெற்றபின் தீவுக் கிரீன்கள் பல நாடுகளில் பெருகின. ஆனால் நீர் கேட்பது ஒரே கேள்வி. தவறினால் பந்து போயிற்று, அவ்வளவே. இதற்கு நேர்மாறாக, வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் மைதானத்தில், டொனால்ட் ராஸ் 1907இல் தொடங்கிப் பல ஆண்டுகள் செதுக்கிய நிலத்தில், விளிம்புகள் சரிந்த கிரீன்கள் சற்றே பிசகிய பந்தை மெல்ல வெளியே தள்ளிவிட, அதை மீட்க ஆட்டக்காரருக்குப் பல வழிகள் திறக்கின்றன. 2011இல் அம்மைதானத்தின் பாசனத்தைக் குறைத்து, அடர்ந்த புல்லை அகற்றி, மணலும் காட்டுப்புல்லும் மீட்கப்பட்டபோது அதன் ஆட்டம் வளமானதே தவிரக் குறையவில்லை. பச்சையே அழகு என்போர் அங்கு சென்று பாடம் கற்கலாம்.

நம் பக்கத்து மலை மைதானங்களுக்குத் திரும்பினால், உதகமண்டலத்து ஜிம்கானா மைதானத்தில் மஞ்சள் பூக்கும் அயல்நாட்டு முட்புதர்கள் இருபுறமும் காத்திருப்பதால், காலடிச் சரிவின் பிழைக்கு உடனடி விலை உண்டு. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 1889இல் தொடங்கிய இலங்கையின் நுவரெலியா மைதானம் ஊரின் நடுவிலேயே அமைந்தது. பாதைகள் குறுகலானவை என்பதால் அங்கு தூரத்தைவிடத் திசையே முக்கியம். ஆயினும் இரு சரிவுகளையும் ஒருங்கே கற்கத் தேனிக்காரர்களுக்குக் கொடைக்கானலே உகந்தது.

இனி நெருக்கமாக ஒரு சொல். முதன்முறை செல்பவர் கிளப்பில் அனுமதி பெற்று, உடன்வரும் கேடியின், அதாவது மட்டைப்பையைச் சுமந்து வழிகாட்டும் ஊழியரின், பேச்சைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நிலத்தின் சாய்வை எந்த நூலையும்விட அவரே நன்கு அறிவார். பந்து வருவதை எச்சரிக்கும் ‘ஃபோர்’ என்ற கூவல் கேட்டால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், காட்டெருமையிடமிருந்து விலகி நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்காலத்தையும் மே மாதக் கூட்டத்தையும் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஒரு காலையில் செல்வது நல்லது. யாரேனும் அடிக்க ஆயத்தமாகும்போது பந்தைப் பார்க்காமல் அவர் பாதங்களைப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் சரியாக அமையத் தொடங்கிய நாளில், மட்டையையே தொடாதவரும் இந்த ஆட்டத்தின் ரசிகர்தான். அவரிடம் நுழைவுத் தகுதி கேட்க எவருக்கும் உரிமையில்லை.