பேனையால் எழுதும் வலைப்பக்கம்

வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.ரி.எம்.எல். பற்றிய பரீட்சைக் கேள்வி பெரும்பாலும் ஒரு படத்தோடு வரும்: மேலே தலைப்பு, நடுவில் அட்டவணை, கீழே ஒரு இணைப்பு. இதைத் தரும் நிரலை எழுது, அல்லது இடைவெளியை நிரப்பு. க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ, விடை பேனையால்தான். இதற்கு வக்காலத்து வாங்குவோர் முதலில் துணைக்கு இழுப்பது யாழ்ப்பாணத்தின் தீவகத்தை. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் எங்கே, இன்டர்நெட் எங்கே, தாள்தானே எல்லாருக்கும் சமம்?

சமம்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்கான கலப்பு மின்திட்டம் இந்திய மானியத்தில் கையெழுத்தானதே 2024இல்தான். எந்த டேக்குக்குள் (குறிச்சொல்லுக்குள்) எந்த டேக் என்ற ஒழுங்கும் தாளில் பிடிபடும். வகுப்பில் செய்முறை காட்டும் ஆசிரியர்களும் உண்டு.

ஆனால் இன்டர்நெட் இல்லை என்ற சாட்டு இந்தப் பாடத்துக்குப் பொருந்தாது. நோட்பாட்டில் நாலு வரி எழுதிச் சேமித்து, அதே கொம்பியூட்டரின் பிரவுசரில் திறந்தால் பக்கம் தெரியும். டேட்டா ஒரு சதத்துக்கும் வேண்டாம். வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் பார்க்கவும் முடிந்தது, திருத்தவும் முடிந்தது. எழுதுவதும் பார்ப்பதும் ஒன்றாகவே பிறந்த கலை இது. நம் பரீட்சை பார்ப்பதை வெட்டிவிட்டு எழுதுவதை மட்டும் வைத்திருக்கிறது.

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளின் நேர அட்டவணையை ஒரு மாணவி தாளில் எழுதுகிறாள் என்று வைப்போம். அட்டவணையின் ஒரு கட்டத்துக்கான 'ரி.டி.' டேக்கை மூட மறந்தால் சிவப்புப் பேனை அதில்தான் போய் நிற்கும். பிரவுசரோ கவலைப்படாது, அந்த முடிவு டேக்கை விடலாம் என்று எச்.ரி.எம்.எல். 5 விதியே சொல்கிறது. உண்மையில் பக்கத்தைக் கவிழ்ப்பவை வேறு. படக் கோப்பின் பெயரில் ஒரு பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் விண்டோஸில் படம் தெரியும். லினக்ஸ் சேர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். எழுத்துக் குறியாக்கம் யு.ரி.எஃப்.-8 என்று அறிவிக்காமல் விட்டால் 'நெடுந்தீவு' புரியாத குறிகளாகச் சிதறக்கூடும். தாளில் இவை எதுவுமே நடக்காது. தாளில் தமிழ் ஒருநாளும் உடைவதில்லை.

தீவகத்தாருக்கு இது சின்ன விஷயமா? பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்ததை இணையத்தில் ஊர்ச்செய்தி தேடிய ஒரு தலைமுறையே கண்டது. யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும் அந்தத் தொல்லை பல வருடம் இழுபட்டது. ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் தமிழில் பக்கம் செய்யத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் பாடம். அதற்குப் புள்ளி இல்லை. ஆகவே ரியூட்டரியில் அது இல்லை. பாஸ்ற் பேப்பரை மனப்பாடம் செய்தால் போதும். சிறப்புச் சித்தி பெற்று, ஒரு பக்கத்தைக்கூடத் திரையில் கண்டிராத மாணவரை இந்த முறையால் உருவாக்க முடியும். அது போதும் இதை நிராகரிக்க.

பரீட்சைத் திணைக்களம் பெரிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பாடசாலையில் இருக்கிற நாலு கொம்பியூட்டரில் முறைவைத்து ஆளுக்கு அரை மணி நேரம், இன்டர்நெட் இல்லாமல், ஒரு பென்டிரைவில் கேள்வி. பிழையான பக்கம் ஒன்றைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.