ஏடும் வீடும்

நம் கலைக் கல்லூரிகளிலே ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடைபெறுகிறது. பட்டம் பெறப்போகும் மாணவர்கள் ஆய்வேடு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி நல்ல விதிதான். ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல் மாணவன் தானே தேட வேண்டும், தானே சிந்திக்க வேண்டும், தானே எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், நடப்பது என்ன?

போன ஆண்டு ஒருவர் எழுதிய ஏட்டை இந்த ஆண்டு இன்னொருவர் புரட்டுகிறார். நாவலின் பெயர் மாறுகிறது. இயல்களின் பெயர் மாறுவதில்லை. ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, உவமை நயம், முடிவுரை — ஐந்து இயல்கள், அழுத்தமான அட்டை, அட்டையின் மேல் பொன்னெழுத்து! இப்போதோ புரட்டுகிற உழைப்புங்கூடத் தேவையில்லை. தலைப்பைத் தட்டினால் கணிப்பொறியே கட்டுரையைக் கொட்டிவிடுகிறது. கொடுத்தவர் படிக்கவில்லை; வாங்கியவர் படிக்க நேரமில்லை. ஏடு அலமாரிக்குப் போகிறது. மாணவன் வீட்டுக்குப் போகிறான்.

பொருள் தெரியாமல் மந்திரம் ஓதுபவரைப் பார்த்து, “ஐயா, இதற்கு என்ன பொருள்?” என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். அதே கேள்வியை இந்த ஆய்வேட்டைப் பார்த்தும் கேட்க வேண்டாமா? ஓதுவது வடமொழியாக இருந்தால் மட்டுந்தான் மூடத்தனமா? தமிழிலே எழுதி, தாளிலே அச்சடித்து, பல்கலைக்கழக முத்திரை குத்திவிட்டால் அது அறிவாகிவிடுமா?

மாணவனை ஏளனம் செய்ய இதை எழுதவில்லை. விசைத்தறிக் கூடத்திலே இரவு முறை பார்த்துவிட்டு வரும் தந்தையின் மகன் அவன். குடும்பத்திலேயே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவன். “உன் ஊரைப் பற்றி எழுது, உன் வீட்டைப் பற்றிக் கேள்” என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை. ஏடு வேறு, வீடு வேறு என்றே அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தப் பிரிவினையைத்தான் நாம் குற்றங்கூறுகிறோம்.

கொங்கு நாட்டிலே இந்தப் பிரிவினைக்குக் கொடுக்கப்பட்ட விலை அதிகம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த நாள்முதல் கோவை எந்திரத்தின் ஊர். நூற்பாலை, நீரேற்றும் மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர் என்று இவ்வூர் செய்யாத பொறி இல்லை. 1945இல் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1951இல் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோவை தொழில்நுட்பக் கழகம் என்று அடுத்தடுத்து எழுந்தன. இதிலே நமக்கும் பெருமை உண்டு. பொறியறிவு மூடநம்பிக்கையைப் பொசுக்கிவிடும் என்று நம்பினோர் பலர்.

ஆனால், நடந்தது என்ன? 2015 ஜூன் மாதத்திலே, திருச்செங்கோட்டுக் கோயிலில் வேற்றுச் சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப் பாதையில் பிணமாகக் கிடந்தார். அவர் பொறியியல் பட்டதாரி. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையிலே, பட்டப்பகலிலே, கலப்புமணம் புரிந்த மற்றோர் இளைஞர் மனைவியின் கண்ணெதிரே வெட்டி வீழ்த்தப்பட்டார். அவரும் பொறியியல் மாணவர். திருச்செங்கோட்டு வழக்கிலே 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் தண்டித்தது குற்றவாளிகளை. குற்றத்தை வளர்த்த எண்ணத்தை எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஊருக்கு, தன் மனத்தைக் கழற்றிப் பார்க்கத் தெரியவில்லையே! அதைக் கற்பிக்க வேண்டிய இடம் கலைத்துறை. அந்தத் துறையோ உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

உவமை எண்ணுவதை விட்டால் வேறு என்ன செய்வது என்பர் சிலர். எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். கொங்கு நாட்டின் முதல் சிறந்த நாவல் எனப் போற்றப்படுவது ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’. கணவனை இழந்த உழவர் குடிப் பெண் ஒருத்தி, தன் மகளுக்காக நிலத்தைப் பங்கு பிரித்துத் தரச் சொல்கிறாள். கொழுந்தன் மறுக்கிறான். ஊர் புகுந்து விளையாடுகிறது. கதை கொலையிலே முடிகிறது. மாணவர்களின் ஏடுகளிலே நாகம்மாள் பெரும்பாலும் ‘அடங்காப்பிடாரி’ என்றோ ‘தீய பாத்திரம்’ என்றோ தீர்ப்பளிக்கப்படுகிறாள். ‘வட்டார வழக்கு’ என்று ஓர் இயல், ‘பழமொழிகள்’ என்று ஓர் இயல்; ஏடு முடிந்தது.

சட்டத்தைப் புரட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்திலே வாழ்நாள் உரிமை தந்த சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அது மாகாணங்களின் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணம் அதை விளைநிலத்துக்கும் நீட்டியது 1947இல்தான். ஆக, நாவல் வெளிவந்த 1942இல், காட்டிலும் மேட்டிலும் உழைத்த நாகம்மாளுக்கு அந்தக் காட்டிலே பங்கு கேட்கச் சட்டம் துணை நிற்கவில்லை! மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாடு சட்டம் செய்ததோ 1989இல். இதை அறிந்த பிறகு நாவலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘அடங்காப்பிடாரி’ எங்கே போனாள்? உரிமை கேட்ட ஒருத்தியல்லவா அங்கே நிற்கிறாள்! பிறகு அந்த மாணவன் தன் வீட்டுக்குப் போய், “நம் நிலத்திலே அக்காளுக்குப் பங்கு எழுதினீர்களா?” என்று கேட்கட்டும். அப்போது அவன் நாவலைப் படித்தவன் ஆகிறான்.

இவ்வாறு ஏட்டிலிருந்து வீட்டுக்குப் போவது ஒரு வழி. வீட்டிலிருந்து ஏட்டுக்கு வருவது மற்றொரு வழி. இரண்டாவது வழியிலே நடந்து காட்டிய நூல் ஒன்று கொங்கு நாட்டிலேயே பிறந்திருக்கிறது. நாமக்கல்லில் அரசு கலைக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன் தொகுத்து, 2013இல் காலச்சுவடு வெளியிட்ட ‘சாதியும் நானும்’ என்ற கட்டுரைத் தொகுதிதான் அது. சண்முகசுந்தரத்தின் படைப்புகளையே முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தவர் இவர். 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர். இவரிடம் பயின்ற மாணவர்களும் ‘கூடு’ என்னும் ஆய்வுச் சந்திப்பிலே கூடியவர்களுமாக 32 பேர், சாதி தங்கள் வாழ்விலே எப்போது, எங்கே, எவ்விதம் குறுக்கிட்டது என்று எழுதினார்கள்.

தேர்வுக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக அல்ல. பல சாதிகளிலும் பிறந்தவர்கள், தத்தம் வீட்டுத் திண்ணையை, தெருவை, பள்ளியைப் பாடநூலாக்கிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இத்தொகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி. அம்மொழியிலே நூலுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘கொட்டாங்கச்சியில் கடுங்காப்பி’ என்ற பொருள் தரும் தலைப்பு. ஒரு கொட்டாங்கச்சி போதும், ஓராயிரம் ஆண்டு வரலாற்றை ஏந்தி நிற்க! அதை எந்த வரலாற்றுப் பாடநூலும் ஏந்தவில்லை. மாணவர் கட்டுரை ஏந்தியது.

இந்த எழுத்தின் முதற் சிறப்பு, மறைப்பை உடைத்தது. “எங்கள் ஊரில் சாதியெல்லாம் இல்லைங்க” என்று மேடையிலே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பது நம் நாட்டு நாகரிகம். அந்த இரட்டை நாக்கை இக்கட்டுரைகள் பிடித்திழுத்து வெளியே போட்டன. இரண்டாவது சிறப்பு, அடிபட்டவர் மட்டுமே பேச வேண்டும் என்றில்லாமல், அடித்த வீட்டுப் பிள்ளைக்கும் பேனா கொடுத்தது. தாழ்த்தப்பட்டவர் தம் இழிவைச் சொல்வது துணிவு. உயர்ந்தோர் எனப்படுவோர் தம் வீட்டுக் கொடுமையைத் தாமே சொல்வதும் தேவை. நோய் இருக்கும் வீட்டிலேதானே மருந்து புக வேண்டும்!

பாராட்டிவிட்டோம். இனி, குறையும் கூறுவோம். குறை கூறாத திறனாய்வு வாழ்த்துமடல் ஆகிவிடும்.

தலைப்பிலேயே இருக்கிறது குறை: ‘சாதியும் நானும்’. ‘நான்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டால் சாதி ஒரு மன வருத்தமாகச் சுருங்கிவிடும். படித்தவர் கண்கலங்குவார், “ஐயோ பாவம்” என்பார், புத்தகத்தை மூடுவார். கலங்கிய கண் உலர எவ்வளவு நேரம் ஆகும்? கொட்டாங்கச்சியைக் கண்டாயிற்று. அதை நீட்டிய கையிலே எத்தனை ஏக்கர் நிலம் இருந்தது? வாங்கிய கைக்கு என்ன கூலி? அந்த ஊரிலே கோயில் யாருடையது, கிணறு யாருடையது, கூட்டுறவுச் சங்கத்திலே நாற்காலி யாருக்கு? அனுபவம் கேள்வியைத் தொடங்கி வைக்கும். விடை தர அது மட்டும் போதாது. பகுத்தறிவு என்பது பதறுவதோடு நிற்பதில்லை. எண்ணிப் பார்க்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கிறது, காரணம் கேட்கிறது.

இத்தாலி நாட்டிலே பார்பியானா என்ற மலைச் சிற்றூர். பள்ளிக்கூடம் ‘தேறாதவர்கள்’ என்று தள்ளிவிட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார் லொரென்சோ மிலானி என்பவர். அவர் பாதிரியார், அதற்காக நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை, செய்த வேலையைப் பார்ப்போம். அவரிடம் பயின்ற எட்டு மாணவர்கள் சேர்ந்து, ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதும் பாங்கிலே ஒரு நூலே எழுதினார்கள். அது 1967இல் வெளிவந்தது. பிற்பாடு தமிழுக்கும் வந்தது. அந்தப் பிள்ளைகள் “எங்களைத் தோற்கடித்தீர்களே” என்று அழுததோடு விடவில்லை. தோற்றவர் எத்தனை பேர், அவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்வோர் என்று எண்ணிக் கணக்கெடுத்து, பள்ளி ஏழையைத்தான் தோற்கடிக்கிறது என்று மெய்ப்பித்தார்கள். ‘நான்’ அங்கே ‘நாம்’ ஆயிற்று, வருத்தம் வழக்காயிற்று.

அயல்நாட்டுக்குப் போவானேன்? கொங்கு நாட்டிலே நிறைந்து வாழும் அருந்ததியரின் துன்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதுதான். ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டிலே அவர்களுக்கு உரிய இடம் கிட்டவில்லை என்பதை நீதிபதி ஜனார்த்தனம் குழு ஆராய்ந்து கூறிய பிறகு, 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. துன்பத்தைச் சொன்னது நியாயத்தைக் காட்டியது. கணக்கைக் காட்டியது உரிமையைத் தந்தது. இரண்டும் வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது, எழுதுவோர் தலைமேல் தொங்கும் கத்தியை நாம் மறந்துவிடவில்லை. அந்தத் தமிழாசிரியருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாடறியும். 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்காக 2014 டிசம்பரிலே திருச்செங்கோட்டில் நூலுக்குத் தீ வைத்தார்கள். 2015 ஜனவரியிலே ‘அமைதிப் பேச்சு’ என்ற பெயரால் அவரைப் பணியவைத்தார்கள். “எழுத்தாளன் இறந்துவிட்டான்” என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அவர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்பளித்த பிறகே பேனா உயிர்பெற்றது. ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால், மாணவர் துணிவாரா? அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறோம். ஒருவர் சொல்லும் அனுபவத்தைப் ‘பொய்’ என்று புறந்தள்ளி, சொன்னவரை ஊரைவிட்டுத் துரத்துவது எளிது. நாற்பது மாணவர்கள் கூடிச் சேர்த்த கணக்கை என்ன செய்வார்கள்?

ஆகவே, கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் கலைத்துறை பயிலும் தோழர்களே! அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். ‘பண்ணாடி’ என்ற ஒரு சொல் போதும். நரைத்த தலை, கறுத்த தலையைப் பார்த்து ஏன் அப்படி அழைத்தது? பதிலுக்கு எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது? இன்றும் அழைப்போர் யார், நிறுத்திவிட்டோர் யார், நிறுத்த முடிந்தது எதனால்? நிலம் கிடைத்ததாலா, ஆலை வேலை கிடைத்ததாலா, படிப்பாலா? அகராதி அந்தச் சொல்லைக் காத்து வைத்திருக்கிறது. அதன் காரணத்தைக் கண்டு சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஊரிலே பத்து வீடு ஏறி இறங்குங்கள். உங்கள் வீட்டை முதல் வீடாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதை எழுதுங்கள், எண்ணியதை எழுதுங்கள், உடன் பயில்வோரோடு கூடி எழுதுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஏட்டைப் படியுங்கள். பொன்னெழுத்து அட்டை இல்லையே என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.

‘சாதியும் நானும்’ எழுதிய 32 பேரும் கதவைத் திறந்துவிட்டார்கள். ‘சாதியும் நாமும்’ என்ற நூல் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதப்போகும் கைகள் இந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகளாக இருக்கட்டும்!