கப்பல் காசும் கொல்லிக் காசும்

நாணயம் சேர்க்கிறவர்களில் கப்பல் படம் போட்ட காசை மட்டும் தேடுகிற ஒரு தனிக்கூட்டம் உண்டு. 1937 முதல் இங்கிலாந்தின் அரைப்பென்னியில் வந்த கோல்டன் ஹைண்ட், அதே ஆண்டில் கனடாவின் பத்து சென்ட்டில் ஏறிய புளூநோஸ், மூன்றாம் எட்வர்ட் 1344இல் வெளியிட்ட 'நோபிள்' என்ற தங்கக்காசு என்று அவர்களுடைய ஆல்பம் நீளும். நம்ம பக்கத்திலிருந்து அந்த ஆல்பத்தில் ஏறுவது 'கப்பல் காசு'. விற்கிறவர் ஆளுக்குத் தகுந்த மாதிரி அதைச் சங்ககாலம் என்பார், பல்லவர் என்பார், கூட்டம் அதிகமாக இருந்தால் சோழர் என்றும் சொல்லிவிடுவார்.

கடலே கண்ணில் படாத கொல்லிமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எதுக்கு கப்பல் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் காசைப் பார்ப்போம்.

சோழமண்டலக் கரையில், குறிப்பாகச் சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட பகுதியில், கிடைத்த சின்னக் காசுகள் இவை. பெரும்பாலும் ஈயம். ஒரு பக்கம் இரண்டு பாய்மரம் வைத்த கப்பல்; இரு முனையும் மேலே வளைந்திருக்கும், மரத்திலிருந்து கயிறுகள் சரிந்து இறங்கும். மறுபக்கம் நான்கு வட்டங்களைச் சிலுவைபோல் இணைத்த உஜ்ஜயினிச் சின்னம். எழுத்து இருந்தாலும் பாதி தேய்ந்திருக்கும். 1885இல் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் எழுதிய வால்டர் எலியட் இவற்றைக் குறும்பர்–பல்லவர் பக்கம் சேர்த்தார். 1908இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியலைத் தயாரித்த ராப்சன், எழுத்தில் 'புளுமாவி' என்ற பெயரைப் படித்து, சாதவாகனர் காசு என்றார். யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் பெயரையும் இந்த வகைக் காசுகளோடு சேர்த்துப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பல்லவர் காசு என்று விற்கப்படும், காளையும் கப்பலும் கொண்ட செப்புக்காசு வேறு வகை. சந்தையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துகிடக்கும்.

சரி, இதுவரை வம்பில்லை. வம்பு 1912இல் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. அந்த ஆண்டு ராதாகுமுத் முகர்ஜி இந்தியக் கப்பல் வரலாறு பற்றிய தன் நூலை வெளியிட்டார். சுதேசி அலை அடித்து ஓய்ந்திருந்த நேரம். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அதற்குள் நொடித்துப் போயிருந்தது. இந்தியருக்குக் கப்பலோட்டத் தெரியாது என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அஜந்தா ஓவியத்துக் கப்பல், ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பத்துக் கப்பல், இந்த ஈயக்காசுக் கப்பல் எல்லாம் ஒரே சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டன. அன்றைக்கு அது தேவையான வாதம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூறு வருஷம் தாண்டியும் அதே வரியை, 'கப்பல் காசு வெளியிட்டதால் கடற்படை வைத்திருந்தார்கள்' என்று ஃபேஸ்புக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் உறுத்துகிறது.

அந்த வரி ஏன் நிற்காது? சோழரை எடுத்துக்கொள்ளுங்கள். 1025இல் கடாரம் வரை படையை அனுப்பிய ராஜேந்திரனின் காசில் புலி இருக்கிறது, மீன் இருக்கிறது, வில் இருக்கிறது. கப்பல் இல்லை. வென்ற அரசுகளின் சின்னத்தைத் தன் புலியோடு சேர்த்துப் பொறிப்பதுதான் அவருக்கு வெற்றி. தென்னிந்தியாவிலேயே பெரிய கடல் படையெடுப்பை நடத்தியவருக்குக் கப்பல் தோன்றவில்லை, தக்காணத்தை மையமாகக் கொண்ட சாதவாகனருக்குத் தோன்றியது என்றால், படத்துக்கும் படைக்கும் நேர்க்கணக்கு போட முடியாது. எட்வர்டின் நோபிளைக்கூட 1340 ஸ்லாய்ஸ் கடற்போர் வெற்றியின் நினைவு என்று வழக்கமாகச் சொல்வார்கள், அதுவும் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் இல்லை. அங்கேயாவது கப்பலுக்குள் ராஜா வாளும் கேடயமுமாக நிற்கிறார். நம் ஈயக்காசுக் கப்பலில் ஆளே கிடையாது!

அடுத்து, உலோகம். இதைத்தான் சேகரிப்பவர்கள் ரொம்ப லேசாகத் தாண்டிப் போகிறார்கள். ரோமாபுரி வணிகம் நடந்தது பொன்னிலும் வெள்ளியிலும். ஈயக்காசு சில்லறை. மீன் வாங்க, பானை வாங்க, கூலி கொடுக்க. அதைக் கடல் தாண்டி எவன் வாங்கியிருப்பான்? ஆக இது கரையிலேயே புழங்கின காசு. இன்னொரு விஷயம்: மேற்கிலிருந்து பரிகாசாவிலும் முசிறியிலும் வந்து இறங்கிய சரக்குகளில் ஈயத்தையும் பெரிப்ளூஸ் சொல்கிறது. நம் நாட்டிலும் ஈயச் சுரங்கங்கள் உண்டுதான். இருந்தாலும், அந்தக் காசுகளில் சில கப்பலில் வந்த ஈயத்திலேயே வார்க்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு அந்தப் படத்தைவிட இந்த வாய்ப்புதான் பெரிய செய்தி.

அப்படியானால் கப்பல் எதைக் குறிக்கிறது? என் வாசிப்பு இதுதான். சாதவாகனர் காசுகளில் யானை, சிங்கம், குதிரை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் படம் மாறும். கப்பல் இந்தக் கரைக்கான அடையாளம். 'இது துறைமுகத்துப் பக்கத்துக் காசு' என்று வாங்குகிறவனுக்கு ஒரு பார்வையில் புரிய வேண்டும், அவ்வளவுதான். கடற்படை கர்வத்தைவிட ஒரு சந்தையின் விலாசம் என்று படிப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தக் கரையை அந்த அரசர்கள் நேரடியாக ஆண்டார்களா, காசு மட்டும் புழங்கியதா என்பது தனி விவாதம்.

இந்த வாசிப்பைச் சோதிக்க ஒரே வழி, எந்தக் காசு எந்த ஊரில், எந்த மண்ணில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவல். அதைத்தான் சேகரிப்புச் சந்தை முதலில் அழிக்கிறது. ஒரு கண்காட்சியில் கப்பல் காசு வைத்திருந்தவரிடம் "எந்த ஊர்ல கெடச்சதுங்க?" என்று கேட்டேன். "ஆத்துல கெடச்சதுங்க சார், காசு ஒரிஜினலுங்க, அதுக்கு நான் கேரண்டி" என்றார். எந்த ஆறு என்று கேட்டதற்குச் சிரித்தார். பச்சைக் களிம்பு, மண் எல்லாம் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது காசு. கப்பல் தெளிவாகத் தெரிந்தது. சொல்வதற்கு அதனிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு கப்பல் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில், வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 வாக்கில் தொடங்கிய அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்ட கப்பல். படம் கோணல்மாணல்தான். ஆனால் அது எந்த ஊர், உடன் கிடைத்தவை என்ன என்று தெரியும். அதனால்தான் அது ரோமானியக் கப்பலா என்று ஆராய்ச்சியாளர்களால் உட்கார்ந்து பேச முடிகிறது. ஓட்டுக்குச் சந்தையில் விலை கிடையாது, அதனால் தப்பித்தது!

இப்போது கொல்லிமலைக்கு வருகிறேன். 'கொல்லிப்புறை', 'கொல்லிரும்பொறை' என்றெல்லாம் தமிழி எழுத்து பொறித்த சேரர் காசுகள் கரூரில் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய சங்ககாலக் காசுகளைப் பதிப்பித்தார். ஓரியைக் கொன்ற காரி, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கப்பாட்டுச் செய்தி. செம்மேட்டில் சிலையாக நிற்பது ஓரி. காசில் மலையின் பெயரைப் போட்டுக்கொண்டது சேரன். கப்பல் ஏதுமில்லை. ஆனால் ரோமானியக் காசுகள் அள்ளி அள்ளிக் கிடைத்த அதே அமராவதி ஆற்றுக் கரூர்தான் இந்தக் காசுகளுக்கும் ஊர். மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்தை இருந்திருக்கிறது, அதில் இந்த மலையின் பெயர் கைமாறியிருக்கிறது. கப்பல் காசு தேடுகிறவர் ஆல்பத்தில் இதற்கு இடமில்லை. கடல் வணிகத்தைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் இதைத்தான் முதலில் தேட வேண்டும் என்பேன்.

ஆனால் ஆற்றுமணலைச் சலித்து எடுத்த காசுகளில் எது எந்த அடுக்கில் இருந்தது என்ற பேச்சுக்கே வழியில்லை. ஊர்ப் பெயராவது தங்கியதே என்றுதான் ஆறுதல் பட வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துச் சட்டம். (பழைய பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சேகரிப்பவர்களுக்குக் கள்ளம் கபடமில்லாத கப்பல் வேண்டுமென்றால் அது ஒன்று இருக்கிறது.) 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கரூர்க் காசுகளை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்ததே தனியார் சேகரிப்புகள்தான். ஆனால் கவரின் மேல் 'கப்பல், அபூர்வம்' என்று மட்டும் எழுதி வைக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாம். வாங்கின தேதி, யாரிடம், எந்த ஊரில் கிடைத்ததாகச் சொன்னார், எடை எத்தனை கிராம், எழுத்தில் எந்த ஓரம் தெரிகிறது, பின்பக்கப் படம். இந்த ஆறு விவரமும் இருக்கிற கப்பல் காசு உங்களிடம் இருந்தால், எனக்கு இரண்டு பக்கப் படமும் அனுப்புங்கள். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. தயவுசெய்து கழுவ மட்டும் வேண்டாம்.