முக்காலியில் தொங்கிய மூன்று சிலிண்டர்

காருக்கு இன்ஜின் மாற்றுவதெல்லாம் பெரிய பட்டறைக்காரர்கள் வேலை என்று நினைக்கிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லத் தோன்றுகிறது: வீட்டு வாசலிலேயே மாற்றலாம்! நாங்கள் மாற்றிவிட்டோம். திருச்செங்கோட்டில், வேப்பமர நிழலில், 1998 மாடல் மாருதி 800-க்கு. ஹைட்ராலிக் கிரேன் கிடையாது, லிஃப்ட் கிடையாது. போர்வெல் மோட்டார் இழுக்கும் இரும்பு முக்காலி, ஒரு செயின் பிளாக், ஒரு பழைய லாரி டயர், சில முட்டை அட்டைகள். எங்கள் பட்டறை இவ்வளவுதான். என் கையால் செய்த எந்த வேலையும் இதுவரை எனக்கு இத்தனை சந்தோஷம் தந்ததில்லை.

முதலில் இந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது, இந்தியாவில் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான். அந்த இரண்டுக்கும் நடுவே வந்த இந்தக் குட்டி வண்டி 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராகவே இருந்தது. இதன் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு வீதம் ஆறு வால்வு, தலையில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதைச் சுழற்ற ஒரு ரப்பர் டைமிங் பெல்ட். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கார்புரேட்டர் மாடலில் கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார் கூட்டமும் கிடையாது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு என்று நான்கு அளவு ஸ்பேனர் இருந்தால் முக்கால்வாசி வண்டியைக் கழற்றிவிடலாம். வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்திருந்தது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். காட்டிய பட்டறையில் எடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் வெண்ணெய்போல விழுகிறது, எப்படிப் போட மனசு வரும்? போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கடைந்து முழு வேலை பார்ப்பது ஒரு வழி. நல்ல நிலையில் இருக்கிற பழைய இன்ஜினை அப்படியே தூக்கி வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் எடுத்தோம்.

பழைய உதிரிபாகம் என்றால் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை. எங்களுக்குப் பக்கம் கோவை உக்கடம். வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்டோவிலும் 796 சிசி இன்ஜின் வந்தது. ஆனால் அது பன்னிரண்டு வால்வு, வேறு ஜாதி. ஆம்னியில் இருப்பது நம் 800-இன் சொந்தக்கார இன்ஜின்தான் என்றாலும், அங்கே அது சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும். அதை எடுத்து அப்படியே இதில் வைக்க முடியாது. கார்புரேட்டர் 800-க்கு கார்புரேட்டர் 800 இன்ஜினே வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது பின்பக்கம் அடிபட்டு எடைக்கு வந்த வண்டியின் இன்ஜின். அது இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஓடவிட்டுக் கேட்க முடிந்ததே! ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். புகை குப்பென்று அடிக்கவில்லை. மூடியின் அடியில் பால்போன்ற வெள்ளைப் படிவம் இல்லை, அதனால் தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை. பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்தபோது மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒட்டிய அளவைக் காட்டின. ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால்தான் பயப்பட வேண்டும். பேசி முடித்து, பில்லும் அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சரி, இன்ஜினை எப்படித் தூக்குவது? இங்கேதான் எங்கள் ஊர் கைகொடுத்தது. திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளின் ஊர். இங்கிருந்து கிளம்பிய ரிக் லாரிகள் இந்தியாவில் துளை போடாத மாநிலமே இருக்காது. நூற்றுக்கணக்கான அடி பைப்போடு சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே இழுக்கிற ஆட்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற முக்காலிக்கும் ஒரு டன் செயின் பிளாக்குக்கும் 800-இன் இன்ஜின் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துத் தெருவில் மோட்டார் இழுக்கும் அண்ணனிடம் கேட்டேன். முக்காலியை மட்டும் கொடுப்பார் என்று நினைத்தால், தானே வந்துவிட்டார்!

அவர் வருவதற்குள் கழற்றும் வேலையை முடித்து வைத்தோம். பேட்டரி நெகட்டிவ் வயர் முதலில். பிறகு பானெட். கீல் இருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது இம்மி பிசகாது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ரேடியேட்டரையும் ஃபேனையும் வெளியே எடுத்ததும் முன்பக்கம் தாராளமாக இடம் கிடைத்தது. பெட்ரோல் டியூபை உருவி போல்ட் சொருகி அடைத்தோம். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சோக் கேபிள், வயர்கள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன். சைலன்சர் பைப் மேனிஃபோல்டைச் சேரும் இடத்து நட்டுகள்தான் எல்லா வண்டியிலும் அடம் பிடிக்கும். முந்தின இரவே டீசல் ஊற்றி ஊற விட்டதால், மறுநாள் ஒரு முனகலோடு திரும்பின. அந்த முனகல் கேட்டபோது வந்த ஆனந்தம் சொல்லி மாளாது.

போல்ட்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக யோசனை தேவையில்லை. முட்டை அட்டை! முப்பது குழி. முதல் வரிசை ரேடியேட்டர், அடுத்தது ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும், அடுத்தது இன்ஜின் மவுண்ட் என்று கழற்றிய வரிசையிலேயே போட்டு, அட்டையில் பேனாவால் எழுதிவிட்டால் போதும். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு வர வேண்டியதுதான். வேலை முடிந்தபோது அட்டையில் ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. இருபது ரூபாய்கூட பெறாத அந்த அட்டைக்கு நிகரான தட்டு எந்தப் பட்டறையிலும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

அண்ணன் வந்தார். முக்காலியின் இரண்டு கால்கள் வண்டியின் இரு பக்கமும், மூன்றாவது கால் வண்டிக்கு முன்னால். ஒவ்வொரு கால் விழுகிற இடத்திலும் கடப்பாரையால் ஒரு சாண் குழி எடுத்து நட்டார், வழுக்கக் கூடாதே. செயின் பிளாக்கை மாட்டி, லாரியில் பாரம் கட்டும் பெல்ட்டை இன்ஜின் கொக்கிகளில் கோத்து லேசாக இறுக்கினோம். அந்தப் பிடிமானம் இருக்கும்போதே, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியர்பாக்ஸை அடியிலிருந்து இறக்கினோம். வண்டியின் ஸ்குரூ ஜாக்கி மேல் ஒரு பலகை வைத்தால் அதுவே கியர்பாக்ஸ் ஜாக்கி. ஆக்சில்களின் உள்முனையை மட்டும் உருவி, வெளிமுனையை வீலிலேயே விட்டுக் கயிற்றில் கட்டிக்கொண்டோம். வண்டியை மறுபடி சக்கரத்தில் நிறுத்தி, மிச்ச மவுண்டுகளையும் கழற்றினோம்.

செயினை இழுக்க இழுக்க, கிளிக் கிளிக்கென்று இன்ஜின் எழும்பியது. ஒரு கட்டத்தில் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பெல்ட்டை இரண்டு விரல் அளவு பின்னால் நகர்த்திக் கட்டச் சொன்னார். சரிந்து நின்ற இன்ஜின் மட்டத்துக்கு வந்தது. “தூக்கறது பெருசில்லீங்க தம்பி, எங்க புடிக்கறதுங்கறதுதான் விசயம்” என்றார். பம்பருக்கு மேலே வந்ததும், அதை எப்படி முன்னால் இழுத்து இறக்குவது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: “இஞ்சின நகத்தாதீங்க. அது அப்படியே நிக்கட்டும். கார பின்னால தள்ளுங்க.”

அடடா! நாலு பேர் கை வைத்ததும் கார் இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் உருண்டு போனது. ஒன்றரை மீட்டர்கூட அகலமில்லாத வண்டி, வழி தாராளம். இன்ஜின் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. கீழே லாரி டயரைப் போட்டு மெதுவாக இறக்கினால், டயரின் நடுவே சம்ப் அடங்கி அசையாமல் உட்கார்ந்தது. பட்டறைகளில் கிரேனுக்குச் சக்கரம் வைத்து நகர்த்துகிறார்கள். எங்களுக்குக் காரே சக்கரத்தில்தான் இருந்தது! ஆழ்துளைக் கிணற்றின் வாயில் ஆயுள் முழுக்கப் பாரம் தூக்கிய மனிதரின் அறிவு அது. அந்த அறிவு பக்கத்துத் தெருவில் இருக்கும்போது எனக்கு எதற்கு ஹைட்ராலிக் கிரேன்?

புது இன்ஜினை வைப்பதற்கு முன் செய்த வேலைகளை யாரும் விட்டுவிடக் கூடாது. வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் முன்பின் ஆயில் சீல்கள், வால்வு கவர் கேஸ்கெட், மவுண்ட் ரப்பர்கள், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். உள்ளே போன பிறகு ஒரு சீலுக்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். டைமிங் பெல்ட் போடும்போது கேம் பல்சக்கரத்துக் குறியும் கிராங்க் குறியும் நேராக நின்ற பிறகு, ஸ்பேனரால் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் முழுக்க இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. புத்தகத்தில் படித்த அந்தக் கணக்கை விரல் நுனியில் உணர்வது தனி இன்பம்.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்குக் கடையில் தனிக் கருவி விற்கிறார்கள். நாங்கள் செய்தது ஒரு துடைப்பக் கட்டை. அதன் நுனி, ஃப்ளைவீலின் நடுக்குழிக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கொஞ்சம் தள்ளி, கிளட்ச் பிளேட்டின் பல்துளைக்குப் பொருந்தும் பருமனுக்கு இன்னும் சில சுற்று. கட்டையைச் சொருகியதும் பிளேட் தானாக நடுவுக்கு வந்து நின்றது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டுக் கட்டையை உருவினேன். எந்தப் பக்கமும் உரசாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு கியர்பாக்ஸை ஏற்றியபோது அதன் ஷாஃப்ட் முதல் தள்ளலிலேயே ‘டொக்’கென்று உள்ளே போய் உட்கார்ந்தது!

இறக்குவது, தூக்கியதன் மறுபக்கம். இன்ஜின் அந்தரத்தில் நிற்க, காரை அதன் அடியில் கொண்டுவந்தோம். பழைய இன்ஜினில் இருந்த கார்புரேட்டரையே சுத்தம் செய்து மாட்டினேன்.

சாவியைத் திருப்பும் நேரம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு முதலில் ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டினோம். ஆயில் விளக்கு அணைந்தது. பம்ப் ஆயிலை மேலே ஏற்றிவிட்டது. பிளக்குகளை மாட்டி, சோக்கை இழுத்து, மறுபடி சாவி. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேரும்வரை சில விநாடிகள் சுழன்றது. அப்புறம், பிடித்தது பாருங்கள்! 1-3-2, 1-3-2 என்று மூன்று சிலிண்டருக்கே உரிய அந்தக் குறுகுறு சத்தம். புகை இல்லை. தெருவே கைதட்டியது. ஹீட்டரைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடியைப் போடாமல் காற்றுக் குமிழி அடங்கும்வரை ஓடவிட்டோம். எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று விஷயம். தொங்குகிற பாரத்துக்கு அடியில் கையோ காலோ தலையோ போகவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டும் கட்டையும் கட்டாயம். வடித்த ஆயிலையும் கூலன்ட்டையும் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். கூலன்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும்.

கடைசியாகக் காகித வேலை. ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் சொல்ல வேண்டும். பில்லும் பழைய ஆர்.சி. நகலும் அதற்குத்தான்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய 800 தார்ப்பாய் போர்த்தி நிற்கலாம். எடைக்கு விலை கேட்பதற்கு முன், உங்கள் தெருவில் மோட்டார் இழுக்கிற அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். இன்ஜின் கிடைக்கும், ஸ்பேனர் கிடைக்கும், முக்காலி கிடைக்கும். தைரியமாக இறங்குங்கள்.